வூட்ல இன்னா கீது

டப்ளின்

அன்புள்ள நைனாவுக்கு ஜானட் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவுக்குச் சளி விட்டதா? நான் நன்றாக இருக்கிறேன், குளிர் பழகிவிட்டது.

எங்கள் அனிமேஷன் வேலையில் யோசனை வறண்டுபோனால், தாங்களே கூடிப் பேசி எதையாவது உருவாக்கும் ஏஐ ஏஜெண்டுகளை ஏவிவிடுவேன். போன வாரம் நம் ராயபுரம் பேச்சிலேயே, "வூட்ல இன்னா கீதுன்னு ஒரு படம் பண்ணு" என்று தட்டினேன். இருக்கு என்பதற்கு நாம் சொல்லும் கீதுவை அவை கீதம் என்று எடுத்துக்கொண்டு, வீட்டுச் சத்தங்களை வைத்தே ஒரு பாட்டுக்குத் திட்டம் போட்டுவிட்டன. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"நல்ல தமிழ்ல திருத்திக் கேளேன்" என்றாள், கூட வேலை செய்யும் கோவைப் பெண்.

"இன்னாத்துக்கு? அதான் பாட்டு கீதே" என்றேன். திருத்த மாட்டேன் நைனா. அந்தப் பாட்டையே செய்து முடிக்கப் போகிறேன்.

அதற்குச் சில சத்தங்களைப் போனில் பதிந்து அனுப்புங்கள். ஹார்பரில் கப்பல் ஊதுவது, அம்மா மீன் ஆய்வது போதும். வேலை முடிந்து வந்து, "ஜானட்டு, கதவத் தொற" என்பீர்களே, அதுவும் வேண்டும். இப்போது அம்மாவைத்தான் கூப்பிடுவீர்கள். பதியும்போது மட்டும் என் பெயரையே சொல்லுங்கள்.

பஸ் வந்துவிட்டது.

ஜானட்