ஓடையில் வந்த பச்சைச் சாயம்

இன்று கராஜைத் துப்புரவாக்கும்போது உன் நீல எஸ்கி கிடைத்தது. ஓடைத் தண்ணீர்ப் போத்தல்களை ஐஸில் வைத்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவாயே, அந்தப் பெட்டி. மூடியைத் திறந்ததும் பழைய நாற்றம் குப்பென்று அடித்தது. கூடவே மேல்தெரு மனிதரின் முகமும் நினைவில் வந்தது. அதற்குத்தான் எனக்கு அதிகம் குமட்டியது.

செவன் ஹில்ஸ் ஓடைக்கரைப் பூங்காவில் ஞாயிறுதோறும் புலம்பெயர்ந்து வந்த எங்கள் தமிழ்க் குடும்பங்கள் கூடும். புரியாணிச் சட்டி, கிரிக்கெட், ஓடையில் கால் நனைக்கும் பிள்ளைகள். தண்ணீரில் மலக்கிருமி கூடிவிட்டது என்று நகரசபை அறிவித்ததும், மேல்தெருவில் புதுவீடு கட்டியிருந்த அந்த மனிதர் எங்களைத்தான் கைகாட்டினார். எங்கள் பிள்ளைகள் பற்றைக்குள் ஒதுங்குகிறார்களாம், எங்களைப் பூங்காவுக்குள் விடக்கூடாதாம். அன்றிலிருந்து, வீட்டை விட்டுப் புறப்படுமுன் "கக்கூசுக்குப் போட்டு வாங்கோ" என்று பிள்ளைகளை விரட்டத் தொடங்கினோம்.

தண்ணீர்ப் பரிசோதனை உன் வேலை. வாத்துக்கும் நாய்க்கும் மனிதருக்கும் குடலில் வெவ்வேறு கிருமிகள் உண்டு, அவற்றின் மரபணு அடையாளத்தை வைத்து மலம் எதனுடையது என்று கண்டுபிடிக்கலாம் என்றாய். வாத்தாகத்தான் இருக்கும் என்று நம்பினோம். முடிவு வந்த அன்று என் குசினிக் கதிரையில் தொப்பென்று இருந்தாய்.

"மனுசற்ர கழிவுதான் மச்சான்."

"அப்ப எங்கட பிள்ளையளோ?"

"மனுசர் எண்டு மட்டும்தான் அது சொல்லும். எந்த மனுசர் எண்டு சொல்லாது. நாங்கள் போகாத நாளிலையும் அள்ளிப் பாப்பம்."

செவ்வாய்க்கிழமை அள்ளினோம். பூங்காவில் ஒருவரும் இல்லை, அப்போதும் அதே அடையாளம். ஓடையோடு மேலே அள்ளிக்கொண்டே போனோம். ஒரு மழைநீர்க் குழாயின் வாயில் அது உச்சத்தில் இருந்தது, அதற்கு அப்பால் தண்ணீர் சுத்தம். அந்தக் குழாய் மேல்தெருவிலிருந்து வந்ததால், நகரசபையார் அங்குள்ள கழிவறைகளில் ஒவ்வொன்றாகப் பச்சைச் சாயம் ஊற்றினார்கள். அந்த மனிதரின் வீட்டில் ஊற்றித் தண்ணீரை இழுத்துவிட்டதும், குழாய் வாயில் பச்சையாக வந்தது. கூடவே கழிவறைக் கடதாசியும் வந்தது. புதுக் கழிவறையை மழைநீர்க் குழாயில் பொருத்தியிருந்தார்கள். சீ! அதில்தான் எங்கள் பிள்ளைகள் கால் நனைத்தார்கள்.

"பிளம்பர் விட்ட பிழை" என்று சிரித்தார் அவர். எங்கள் தலையில் போட்டபோது அது எங்கள் இனத்தின் அழுக்கு. தன் வீட்டில் அகப்பட்டதும் பிளம்பரின் பிழை. ஒரு மன்னிப்புக்கூட இல்லை. நான் ஏசப்போனேன், நீ கையைப் பிடித்தாய்.

"விடு மச்சான். முதல்ல குழாயை மாத்தட்டும்."

குழாயை மாற்றினார்கள். நீயும் போய்ச் சேர்ந்துவிட்டாய். நாங்கள் இன்னும் ஞாயிறுகளில் அங்கே கூடுகிறோம். இன்று காலையும் புறப்படும்போது "கக்கூசுக்குப் போட்டு வாங்கோ" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினேன். கழிவு அவருடையது மச்சான், வெட்கத்தை மட்டும் நான் இன்னும் சுமக்கிறேன்.