என்னுடையதை மட்டும் மாற்றினேன்

ஜூன் 9, திங்கள்

மகிழினி மடியிலேயே தூங்கிவிட்டாள். எட்டு மாதக் குழந்தைக்கு இவ்வளவு கனமா? வலது கை முழுக்க அவளுக்கு; வேலைக்கு இடது கை மட்டும். கடைக் கீபோர்டில் அது நடக்காது என்றுதான் இந்தக் குட்டிக் கீபோர்டை நானே சாலிடர் செய்து, உள்ளே ஓடும் ஃபர்ம்வேர் புரோகிராமையும் என் கைக்குத் தகுந்தபடி எழுதினேன். கட்டைவிரல் கீயை அழுத்திப் பிடித்தால் வலப்பக்கத்து எழுத்தெல்லாம் இடப்பக்கத்துக்கு வந்துவிடும். வீட்டிலிருந்தபடி வாடிக்கையாளர்களுக்குச் சாட்டில் பதில் சொல்ல இது போதும். இன்ஜினியரிங் படிப்பு இதற்காவது உதவியது.

இன்னொரு கீயும் இருக்கிறது. அதைப் பற்றி வெளியே பேசுவதில்லை. கொஞ்ச நேரம் எதையும் தொடாவிட்டால் ஆபீஸ் கணக்கில் நம் பெயருக்குப் பக்கத்திலிருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். மஞ்சள் நேரம் சேர்ந்தால் டீம் லீடர் யசோதரா மேடம் கூப்பிடுவார். அந்தக் கீயைத் தட்டிவிட்டுப் போனால், நாம் இல்லாதபோது ஃபர்ம்வேரே எதையோ அழுத்திக்கொண்டிருக்கும். புள்ளி பச்சையாகவே நிற்கும்.

ராயபுரத்து ஜூடிக்கும் இதே மாதிரி கீபோர்டு ஒன்று செய்து கொடுத்திருக்கிறேன். கல்லூரித் தோழி, இப்போது ஒரே டீம். பக்கவாதம் வந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறாள். "எங்க நைனாவ பாத்ரூம் இட்டுகினு போய் வர்றதுக்குள்ள மஞ்சாவாயிடும்டி. இப்ப ராணி மாரி கீறேன்" என்றாள் இன்று. பெருமையாக இருந்தது.

ஜூன் 12, வியாழன்

கீபோர்டு செய்பவர்களின் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார்: ஒரே கீ மாறாத இடைவெளியில் விழுந்துகொண்டிருந்தால் கம்பெனிகள் கண்டுபிடித்துவிடுகின்றனவாம். மதியமே என்னுடையதில் இடைவெளி முன்பின்னாக வரும்படி மாற்றி ஏற்றிவிட்டேன்.

ஜூடியுடையதையும் மாற்ற வேண்டும். அடித்தட்டைக் கழற்றி உள்ளேயிருக்கும் பொத்தானை அழுத்தினால்தான் புதிதாக ஏற்ற முடியும். அவளுக்கு அது வராது. ஞாயிற்றுக்கிழமை நானே போய்ச் செய்துவிடுகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

போகவில்லை. மகிழினிக்கு மூக்கு ஒழுகுகிறது.

இல்லை, அது சாக்கு. மத்தியானமெல்லாம் நன்றாகத்தான் தூங்கினாள். என் வீட்டுக்காரருக்கும் இன்று கண்டெய்னர் யார்டில் டூட்டி இல்லை, குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் என் கீபோர்டில் தமிழுக்குத் தனி லேயர் செய்துகொண்டிருந்தேன். எந்த எழுத்து எந்த விரலுக்கு என்று வைத்து வைத்துப் பார்த்ததில் இருட்டிவிட்டது. அடுத்த வாரம் கண்டிப்பாக.

ஜூன் 19, வியாழன்

ஜூடி மாட்டிக்கொண்டாள்.

காலை டீம் மீட்டிங்கில் எல்லாரையும் கேமராவைப் போடச் சொன்னார்கள். ஜூடியின் பெயர் மட்டும் இல்லை. யசோதரா மேடம் குரலை உயர்த்தவேயில்லை. "ஒரே இடைவெளியில ஒரே கீ. மனுஷங்க கை அப்படி அழுத்தாது. ஜூடி விசாரணை முடியற வரைக்கும் சஸ்பென்ஷன்ல இருக்காங்க. வேற யாராவது இப்படிப் பண்ணியிருந்தா இப்பவே சொல்லிடுங்க."

நான் குனிந்து மகிழினியின் சட்டையைச் சரிசெய்தேன். சரியாக இருந்த சட்டை.

அப்புறம் டீமிலிருக்கும் ரெஜி சொன்னான் — கீபோர்டு ஆன்லைனில் வாங்கியது என்று சொல்லிவிட்டாளாம். என் பெயரை எடுக்கவேயில்லை.

ஜூன் 20

மகிழினி இன்று "ப்பா" என்றாள். அவர் வீட்டையே இரண்டாக்கிவிட்டார். நான் சிரித்த மாதிரி நின்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று அவரிடம் சொல்லிவிட்டேன். "வாய மூடிகினு இரு நீலா. ரெண்டு பேரும் வூட்ல குந்திகினா யாருக்கு லாபம்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, "ஆனா அந்தப் பொண்ணு மூஞ்சில எப்டி முழிப்ப?" என்றார்.

இன்று போனேன். ஜூடியின் அப்பா இன்னாசி என்னைப் பார்த்ததும் நல்ல கையைத் தூக்கினார். சஸ்பென்ஷன் விஷயம் அவருக்குத் தெரியாது. "லீவு போட்டுகினேன்னு சொல்லி வச்சிகிறேன், உளறிடாத" என்று சமையலறைக்கு இழுத்துப்போனாள். டீ போட்டாள். கோபமே இல்லாமல்தான் கேட்டாள்.

"உன்துலயும் அதே தான கீது? நீ மட்டும் எப்டி மாட்டல?"

பொய் சொல்ல வாய் திறந்தேன், வரவில்லை. என்னுடையதை முன்னாலேயே மாற்றிவிட்டேன், உன்னுடையதை மாற்ற வருவதாக இருந்தேன், அடித்தட்டு, பொத்தான் — என்னென்னவோ சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

"ஒரு ஃபோன் அட்ச்சி, அந்தக் கீய தொடாதன்னு சொல்லிர்ந்தா தொட்டிருக்க மாட்டேன்டி. அவ்ளோதான?"

அவ்வளவுதான். அது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

தோன்றியது. அதை இங்கேயாவது எழுத வேண்டும். குழுவில் படித்த அந்த வியாழக்கிழமையே தோன்றியது. நான் செய்து கொடுத்தது ஓட்டை என்று அவளிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. சத்தமில்லாமல் போய்ச் சரிசெய்துவிட்டு, ராணி மாதிரி என்று மறுபடியும் அவள் வாயால் கேட்க வேண்டும் என்று இருந்தது. சீ.

டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். அவளும் குடி என்று சொல்லவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

யசோதரா மேடத்தைக் கூப்பிட்டேன். அந்தக் கீபோர்டைச் செய்தது நான், என்னிடமும் ஒன்று இருக்கிறது என்றேன். "மெயில்ல எழுதி அனுப்பு" என்றார்.

எழுதினேன். அதில் ஒரு வரி: அந்தக் கீ என்ன செய்யும் என்று ஜூடிக்குத் தெரியாது, நான் சொல்லவேயில்லை. அது பொய். இந்த மாதம் சொன்ன பொய்களில் இது ஒன்றுக்குத்தான் நான் வெட்கப்படவில்லை.

அனுப்பியதும் மகிழினியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனேன். மணலி ரிஃபைனரி பக்கமிருந்து அந்த நாற்றம் வந்துகொண்டிருந்தது. கீழே இறங்க மனமில்லை.

ஜூன் 27

பதில் வந்தது. என்னை வேலையிலிருந்து எடுத்து, ஆபீஸ் கணக்கையும் மூடிவிட்டார்கள். வீட்டுக்காரர் மெயிலை இரண்டு தடவை படித்துவிட்டு, "சர்தான் வுடு" என்றார்.

ஜூலை 3, வியாழன்

ஆபீஸ் லேப்டாப்பை வாங்கிப்போக ரெஜி வந்தான். எச்சரிக்கைக் கடிதத்தோடு ஜூடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்களாம், திங்கட்கிழமையிலிருந்து வேலை பார்க்கிறாளாம். அவன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மத்தியானம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். எடுப்பாள் என்று நினைக்கவில்லை. எடுத்தாள்.

"டூட்டில கீறேன்டி. ஏழு மணிக்கு மேல பேசு" என்று வைத்துவிட்டாள்.

மணி ஒன்பதாகப்போகிறது. நான் இன்னும் கூப்பிடவில்லை. ஃபோன் பக்கத்தில்தான் இருக்கிறது.