318ஆம் எண் ஸ்டூலைத் திருப்பிப் பார்க்கக் கோரி

அனுப்புநர்:
மேல்மாடி துப்புரவுப் பணியாளர்
(பை காக்கும் பெண் பணியாளரின் மகள்)

பெறுநர்:
உயர்திரு காப்பாட்சியர் அவர்கள்,
வட்டார வரலாற்று அருங்காட்சியகம்

பொருள்: என் அம்மாவின் ஸ்டூல் காட்சிப்பொருளாகப் பதிவானதும், திங்கட்கிழமை அதன் கால்கள் வெட்டப்பட இருப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு நேரில் பேச வராது. இரண்டு முறை தங்கள் அறை வாசல் வரை வந்து, கதவைத் துடைத்துவிட்டுத் திரும்பினேன். அதனால் எழுதுகிறேன்.

1. இந்த மாளிகையின் பின்வாசல் நடையில் பார்வையாளர்களின் பைகளை வாங்கி வைப்பது என் அம்மா. மழைத் தண்ணீர் வெளியே ஓட, அந்தத் தரை வாசலை நோக்கிச் சரிவாகப் போடப்பட்டுள்ளது. அம்மாவுக்கு இடுப்பில் கோளாறு. எனவே தச்சரான என் அப்பா, வாசல் பக்கத்துக் கால்கள் இரண்டையும் அரை அங்குலம் நீளமாக வைத்து ஒரு ஸ்டூல் செய்து கொடுத்தார். அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

2. சென்ற மாதம் அம்மா காய்ச்சலில் நான்கு நாள் விடுப்பில் இருந்தபோது, வெள்ளையடிக்க வந்தவர் அந்த ஸ்டூலை மாடிக்கு எடுத்துச் சென்று, மேல் ஏறி நின்று வேலை முடித்து, அந்நாளில் இந்த மாளிகையில் வாழ்ந்த அம்மையாரின் காட்சி அறையிலேயே விட்டுவிட்டார். மறுநாள் பொருள் கணக்கெடுப்பு. அறைக்குள் இருப்பதற்கெல்லாம் எண் இட வேண்டும் என்பது விதி. ஸ்டூலுக்கு 318 கிடைத்தது.

3. பதிவேட்டு எழுத்தரிடம் அம்மா கேட்டார். "நம்பர் போட்டா போட்டதுதான்மா. இனிமே அது உங்களுது இல்ல, வரலாறு" என்று அவர் விளக்கினார்.

4. சமதளத்தில் ஸ்டூல் முன்பக்கம் சாய்கிறது. குறை சொல்ல வருவோரிடம் அம்மையார் குனிந்து பேசவே அப்படிச் செய்யப்பட்டது என்று வழிகாட்டி அண்ணன் சொல்லிவருகிறார். பார்வையாளர்கள் மிகவும் நெகிழ்கிறார்கள். ஒருவர் மட்டும் அது கோணலாக நிற்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டார். எனவே திங்கட்கிழமை கால்களை வெட்டிச் சமமாக்க உத்தரவாகியுள்ளது. அதன் பிறகு என்ன சொல்வது என்று அண்ணன் யோசித்து வருகிறார்.

5. அம்மாவுக்கு பிளாஸ்டிக் நாற்காலி தரப்பட்டது. அது சரிவில் வழுக்கி, அம்மாவுடன் வாசல் வரை சென்று கவிழ்ந்தது. பள்ளிப் பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்று முதல் அம்மா நின்றுகொண்டே வேலை செய்கிறார். "நிக்க முடியலைன்னா வீட்ல இருக்கச் சொல்லு பாப்பா, ஆளுக்கா பஞ்சம்?" என்று மேற்பார்வையாளர் என்னிடம் சொன்னார். மாதக் கடைசி வரை அவகாசம் தந்துள்ளார்.

6. ஸ்டூல் எங்களுடையது என்பதற்கு அத்தாட்சி அதன் அடிப்பக்கத்தில் இருக்கிறது. தினமும் அதைத் துடைப்பவள் நான்தான். ஆனால் காட்சிப்பொருளின் மேல்புறத்தை மட்டுமே துடைக்கலாம், தூக்கக் கூடாது என்று சுவரில் எழுதியுள்ளது. கை போனது உண்மை. தூக்கவில்லை.

ஆகவே, திங்கட்கிழமைக்கு முன் 318ஐ ஒரே ஒரு முறை கவிழ்த்துப் பார்க்கும்படி ஐயா உத்தரவிட வேண்டும். பென்சிலில் இவ்வாறு இருக்கும்: "இது எங்க அம்மாவுக்கு. நீளக் கால் ரெண்டும் வாசப் பக்கம் இருக்கணும். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். இங்க கூடம் நெசமாவே கோணல். யாரும் வெட்டிடாதீங்க."

பேச்சு அப்பாவுடையது; "எங்க அம்மா" என்பது மட்டும் நான் மாற்றி எழுதியது. அவருக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல, மூன்றாம் வகுப்பில் படித்த நான் ஸ்டூலுக்கு அடியில் படுத்துக்கொண்டு எழுதினேன். எட்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நின்றுவிட்டதால் என் கையெழுத்து பெரிதாக மாறவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஆவணம் தேவையில்லை. இந்த மனுவைக் கையில் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தால் போதும்.

பணிவுடன்,
(கையொப்பம்)

இடம்: பின்வாசல் நடை
நாள்: வெள்ளிக்கிழமை