வாசலில் விட்ட செருப்பு

ஜனவரி 18, சனிக்கிழமை. கோலாலம்பூர்.

காலையில ரெட்டைக் கோபுரம் பார்த்தோம். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா எழுத உட்கார்ந்தா அந்தச் செருப்புதான் ஞாபகத்துக்கு வருது.

மதியம் ஒரு மால்ல துணிக்கடைக்குப் போனோம். மருமகளுக்குச் சுடிதார் பார்த்துட்டுத் திரும்புறேன், இவரு வெறுங்காலோட நிக்கிறாரு. திருமங்கலத்து ஜவுளிக்கடைன்னு நினைப்பு. செருப்பை வாசல்லயே கழட்டி விட்டுட்டு வந்திருக்காரு.

"தரை இம்புட்டுப் பளபளன்னு இருக்கு, செருப்போட எப்படி ஏறுறது?"ங்கிறாரு.

ஓடிப்போய்ப் பார்த்தா செருப்பைக் காணோம். கூட்டுறவங்க குப்பைன்னு அள்ளிட்டாங்களாம்.

இவருக்குச் சக்கரைப் புண்ணு ஆறி மூணு மாசந்தான் ஆகுது. விரலை எடுக்கணும்னு சொன்ன கால் அது. வீட்டுக்குள்ளகூட செருப்பில்லாம நடக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. "அறிவு இருக்கா உங்களுக்கு?"ன்னு அத்தனை பேர் முன்னாடியும் கத்திட்டேன். கத்திட்டு, என் ரோஸ் கலர் செருப்பைக் கழட்டி அவரு காலடியில போட்டேன்.

குதிங்கால் பாதி வெளிய தொங்க, செருப்புக்கடை வரைக்கும் அதுலயே நடந்தாரு. எதிர்ல வந்தவங்க சிரிச்சாங்க. இவரும் சிரிச்சாரு.

"ஆஸ்பத்திரியில சொன்னேன்ல, இந்தக் காலோடயே உனக்கு வெளிநாடு சுத்திக் காட்டுறேன்னு."



ராத்திரி மீன் கடையில வயிறு முட்டச் சாப்பிட்டோம். அவரு தூங்கினப்புறம் செல்போன் வெளிச்சத்துல உள்ளங்கால் ரெண்டையும் பார்த்தேன். ஒரு கீறல் இல்ல.

புதுச் செருப்பைத்தான் ரூம் முழுக்கத் தேடினேன். கடைசியில கதவைத் திறந்தேன். வெளிய, சுவரை ஒட்டி, ஜோடியா விட்டிருக்காரு.