ஆடிக்குள் திரும்பிய வண்டி

மாமா,

இன்று காலை அடுப்படியைக் கழுவலாம் என்று தண்ணீர்ப் பானையைத் தூக்கினேன். அடியில் பிரிமணையாகக் கிடக்கும் அந்தப் பல் வைத்த இரும்பு வட்டு ஈரத்தில் லேசாகத் துருப் பிடித்திருந்தது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. எங்கே அனுப்பப் போகிறாய் என்று கேட்காதீர்கள். உயிரோடு இருந்தபோது மட்டும் நான் சொன்னதையெல்லாம் காதில் வாங்கினீர்களா என்ன?

வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் இது என்ன வட்டு என்று கேட்பார்கள். எங்கள் வண்டியின் கிளட்ச் தட்டு என்பேன். காரில் இருக்குமே அதுவா என்பார்கள். கார் எல்லாம் ஒரு வண்டியா என்று நீங்கள் சொல்வதை நான் சொல்லிவிட்டு மோர் கொடுப்பேன்.

நமக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் கழித்து, ஐம்பதுகளில் பங்கு பிரிந்தபோது உங்கள் அண்ணனுக்கு வாய்க்கால் வயல் போனது. நமக்கு வந்தது சிலமலைக்கு மேற்கே மலையடிக் கரடு. கல்லும் உடைமுள்ளும் தவிர அதில் எதுவும் விளைந்ததில்லை. மாடு கட்டி உழுதால் ஏழு தலைமுறை ஆகும் என்றார் அண்ணன். நீங்கள் மறுபேச்சுப் பேசாமல் மலைக்குப் போய், ஏலத்தோட்டத்துக்குப் பாதை வெட்டிய பழைய சங்கிலி டிராக்டர் ஒன்றைப் பேசி முடித்துக் கீழே இறக்கிக்கொண்டு வந்தீர்கள். போடிக் கடைத்தெருவே வாயைப் பிளந்து பார்த்தது. ரப்பர் சக்கரமும் இல்லை, கையில் பிடித்துத் திருப்புகிற வட்டமும் இல்லை. இரண்டு பக்கமும் இரும்புச் சங்கிலி, உட்காருகிற இடத்துக்கு முன்னால் இரண்டு கம்பி, அவ்வளவுதான். இடது கம்பியை இழுத்தால் இடது சங்கிலிக்குப் போகிற ஓட்டம் அறுந்து வண்டி இடப்பக்கம் திரும்பும், வலதுக்கும் அப்படியே. அந்த ஓட்டத்தைச் சேர்ப்பதும் அறுப்பதும்தான் உள்ளே இருக்கிற இரண்டு கிளட்சின் வேலை.

ஐப்பசி மழையோடு உங்களுக்குக் காமாலையும் வந்தது. கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்துக்கொண்டு, கீழாநெல்லியைக் குடிக்க மாட்டேன் என்று முகத்தைச் சுளித்தபடி, "வண்டியப் பாத்துக்க புள்ள" என்றீர்கள். பார்த்துக்கொண்டேன். சாக்கைப் போட்டு மூடினேன். குனிந்து வண்டியின் வயிற்றுப் பக்கம் பார்த்தால், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை இருந்தன. எலி ஏறிவிடுமே என்று பதறி, தானியக் குலுக்கையின் அடி ஓட்டையை அடைக்கிற மாதிரி தேங்காய் நாரும் சாணியும் களிமண்ணும் பிசைந்து கெட்டியாக அடைத்தேன். நல்ல காரியம் செய்தோம் என்று அன்றைக்கு இரண்டு உருண்டைச் சோறு கூடத் தின்றேன்.

நீங்கள் தேறி எழுந்து வண்டியைக் கிளப்பியபோது வைகாசி ஆகியிருந்தது. இன்ஜின் உறுமியது, வண்டியும் நகர்ந்தது. ஆனால் இடது கம்பியை இழுத்தாலும் வலது கம்பியை இழுத்தாலும் நேராகத்தான் போனது. நேர் எதிரே அண்ணன் வீட்டு வைக்கோல் படப்பு. நீங்கள் இன்ஜினை அணைப்பதற்குள் வண்டி பாதிப் படப்புக்குள் போய்விட்டது. தலையில் வைக்கோலோடு நீங்கள் இறங்கி வந்த கோலத்தைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை.

"ஆடிக்குள்ள இது திரும்பலைன்னா, நீ திரும்பி நம்ம வீட்டுக்கே வந்துருடா. ஒரே அடுப்புல பொங்கித் திம்போம்" என்றார்.

அதில் வஞ்சகம் கிடையாது, பாசத்தில்தான் சொன்னார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு கை உப்பு எடுக்கவும் அண்ணன் சம்சாரம் அக்காவின் முகத்தைப் பார்த்து நின்ற நாலு வருஷம் எனக்குத்தான் தெரியும். உங்கள் மதினி கெட்டவள் இல்லை, ஆனால் அடுப்பு அவளுடையது. ஆடிப் பட்டத்தில் விதை விழாவிட்டால் அந்த வருஷம் நமக்குச் சோறு கிடையாது, என் அடுப்பும் கிடையாது. அன்று சாயங்காலம், "அந்த வீட்டுக்கு நான் வரமாட்டேன் மாமா" என்று உங்களிடம் கண்டிப்பாகச் சொன்னேன். "அப்ப வண்டியத் திருப்பணும்" என்றீர்கள்.

கம்பியை இழுத்துக் கயிறு போட்டுக் கட்டி, முட்டுகிற வேகத்தில் உள்ளே இளகுமா என்று புளியமரத்தில் முட்டவிட்டுப் பார்த்தீர்கள். மரம்தான் ஆடியது. மதுரையிலிருந்து வந்த மெக்கானிக் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து, காப்பி குடித்துவிட்டு, இதைக் காயலான் கடைக்குப் போடுங்கள் என்று சொல்லிப் போனார். மறுநாளே நீங்கள் மூங்கிலை முக்காலியாகக் கட்டி, கிணற்று உருளையை அவிழ்த்து வந்து அதில் மாட்டினீர்கள். தண்ணீர் எதில் இறைப்பது என்று கேட்டேன். "ஒரு மாசம் கையால இறை" என்றீர்கள். இறைத்தேன்.

சீட்டைக் கழற்றி, எண்ணெய்த் தொட்டியை இறக்கி, மேல்மூடியைத் தூக்கியதும் உள்ளே இரண்டு குழிகள். இரண்டிலும் பாதி உயரத்துக்குச் செந்தண்ணீர் நின்ற தடம். நீங்கள் வண்டிக்கு அடியில் கையை விட்டு, என் சாணி உருண்டையைப் பிடுங்கி வெளியே எடுத்தீர்கள்.

"இது யாரு பாத்த சோலி?"

"நாந்தான் மாமா."

எழுந்து போய் வாய்க்கால் வரப்பில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்தீர்கள். நீங்கள் திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். நான் கட்டிய அடுப்பை நானே இடித்துவிட்டேனே என்று வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பீடி முடிந்ததும் வந்தீர்கள்.

"அழுகாத. ஓட்டைன்னா அடைக்கணும்னுதான் நமக்குச் சொல்லிக் குடுத்திருக்காக. எந்த ஓட்டை தெறந்தே கெடக்கணும்னு யாரு சொன்னா? மழைத்தண்ணி எறங்கத்தான் அந்த ஓட்டை. நானும் ஒங்கிட்டச் சொல்லலை. ரெண்டு பேரு தப்பு, ரெண்டு பேரும் கழட்டுவோம்."

ரெண்டு பேரும் என்று சொன்னது வாய்ப்பேச்சு என்றுதான் நினைத்தேன். கிளட்ச் பெட்டியைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் பாதி, குழியின் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே சந்துக்குள் இருந்தன. உங்கள் கையோ உலக்கை. விரல் போனால் முட்டி போகாது. நான் கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு வரை போய் வளையலில் நின்றது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். புருஷன் இருக்கையில் பெண்பிள்ளை கை மூளியாகக் கூடாது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நீங்கள் வீட்டுக்குள் போய் சோப்புக்கட்டியும் ஒரு முழ நூலும் கொண்டு வந்தீர்கள். சோப்பைத் தேய்த்து ஒவ்வொரு வளையலாக, உடையாமல் நீங்களே கழற்றினீர்கள். நூலில் மஞ்சளைத் தடவி என் மணிக்கட்டில் கட்டினீர்கள்.

"காப்புக் கட்டியாச்சு. இனிமே திருவிழா முடியிற வரைக்கும் ஊரெல்லையத் தாண்டக் கூடாது, ஆமா."

அழுகிறதா சிரிக்கிறதா என்று தெரியாமல் ஸ்பேனரை வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் விரலால் தடவித் தடவித் திருகினேன். முட்டித் தோலெல்லாம் போனது. மூன்றாம் நாள் அக்கா கஞ்சிக் கலயத்தோடு வந்தாள். என் கையைப் பார்த்ததும் கலயத்தைப் பொத்தென்று வைத்தாள்.

"அடி பாதகத்தி, தாலி கட்டினவன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில இது என்னடி கோலம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினீர்கள். "நாந்தான் கழட்டினேன் மதினி. வளையல் யாருக்குக் காவல்? எனக்குத்தான? இப்ப எனக்கு அந்தக் கைதான் காவல். போங்க, கஞ்சிய ஊத்துங்க."

அக்கா முணுமுணுத்துக்கொண்டே ஊற்றினாள்.

கடைசிப் போல்ட்டும் வந்தபிறகு உருளையில் கயிறு போட்டு இரண்டு பெட்டிகளையும் தூக்கி வெளியே வைத்தோம். உள்ளே ஸ்பிரிங்கு அமுங்கிக் கிடக்கிறது, ஒரு பக்கமாக அவிழ்த்தால் முகத்தில் அடிக்கும் என்று சொல்லி, என்னைத் தள்ளி நிற்கவைத்து, இங்கே ஒரு சுற்று, எதிர்ப்பக்கம் ஒரு சுற்று என்று நீங்களே அவிழ்த்தீர்கள். தட்டுகள் எல்லாம் துருவேறி, ஆறிப்போன தோசை அடுக்கு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன; அதனால்தான் கம்பியை இழுத்தும் ஓட்டம் அறுபடவில்லை. மரச்சுத்தியால் தட்டி, கத்தி முனையை நுழைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். துருவை எடுக்கிற வேலை என்னிடம் வந்தது. செங்கல் பொடியும் நாரும் போட்டு, பொங்கல் பானை தேய்க்கிற மாதிரி தேய்த்துப் பளபளவென்று அடுக்கினேன். அடுக்கியதோடு நின்றிருக்கலாம். மறுபடி துருப் பிடிக்காமல் இருக்கட்டும் என்று ஒரு தட்டில் நல்லெண்ணெயைத் தடவினேன். நீங்கள் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த காக்காயெல்லாம் பறந்தன.

"எண்ணெ பட்டா வழுக்கும் புள்ள! இது காஞ்சு இருந்தாத்தான் பிடிக்கும்! ஒன்னைய வெச்சுக்கிட்டு நான் படுற பாடு!"

"அப்ப நீங்களே தேய்ங்க" என்று நாரைத் தூக்கி எறிந்தேன். அன்று மதியம் பேச்சுவார்த்தை இல்லை. சாயங்காலம் பார்த்தால், நீங்களே அந்தத் தட்டை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தீர்கள்.

இரண்டு தட்டு நெளிந்துபோயிருந்தன. மலைக்கு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய், தோட்டத்தில் கிடந்த இன்னொரு பழைய வண்டியிலிருந்து மாற்றுத் தட்டு கொண்டு வந்தீர்கள். தேய்ந்த தட்டுகளுக்குப் போடி லாரிச் சாமான் கடையில் லைனிங் வாங்கி ரிவிட் அடித்தீர்கள். தட்டு வழுக்கி ஓடுகிற பற்களில் விழுந்திருந்த பள்ளங்களை அரத்தால் ராவி மட்டமாக்கினீர்கள். பிறகு எல்லாம் பழையபடி உள்ளே போயின. சந்துக்குள் இருந்த போல்ட்டுகளை நானே முடுக்கினேன். நெளிந்த தட்டுகளில் ஒன்றை நீங்கள் தூக்கி எறியப் போனபோது, பானைக்கு ஆகும் என்று நான் பிடுங்கிக்கொண்டேன்.

ஆடி பிறந்து மூன்றாம் நாள். போடி மெட்டிலிருந்து காற்று ஆளைத் தள்ளியது, சாரல் வேறு. வண்டியைக் கிளப்பி, நேராக அண்ணனின் படப்பைப் பார்த்தே விட்டீர்கள். அண்ணன் வேட்டியை மடித்துக்கொண்டு குறுக்கே வந்து, "டேய், டேய்!" என்று கத்தினார். படப்புக்கு இரண்டு பாகம் தூரம் இருக்கும்போது இடது கம்பியை இழுத்தீர்கள். வண்டி தலையைத் திருப்பி, அண்ணனைச் சுற்றிக்கொண்டு, கரட்டைப் பார்த்துப் போனது.

"திரும்பிருச்சேடா!" என்றார் அண்ணன்.

"ஆமண்ணே. வண்டி திரும்பிருச்சு. நாங்க திரும்பலை" என்றீர்கள்.

அண்ணன் அன்றைக்குத்தான் சிரித்தார். அந்த ஆடியில் நாம் விதைத்த மொச்சையும் சோளமும் விளைந்த கதையை இந்த ஊரே சொல்லும், நான் சொல்ல வேண்டியதில்லை. வேலை முடிந்த அன்று நீங்கள் நூலை அவிழ்த்து, வளையலை மாட்டிவிடத் தெரியாமல் மாட்டி, இரண்டை உடைத்ததையும் மறக்கவில்லை.

இப்போது உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் காரியத்தன்று என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். வளையல் உடைக்க வேண்டியது மூத்தவள் அக்காதான் என்று அவளை அழைத்து வந்தார்கள். அவளுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. என் கையைப் பிடித்துத் தடவினாள். முட்டியில் அந்தப் பழைய தழும்புகள் தட்டுப்பட்டிருக்க வேண்டும். அங்கேயே அவள் விரல் நின்றுவிட்டது.

"அக்கா, வெரசா ஆகட்டும்" என்றது கூட்டம்.

"இந்தக் கைதான் காவல்னு எந்தம்பி எங்கிட்டச் சொன்னான். நான் தொடமாட்டேன்" என்றாள். எழுந்து யாரையும் பார்க்காமல் போய்விட்டாள். மூத்தவளே தொடாததை வேறு யார் தொடுவார்கள்?

மழைக்கு முன்னால் கொட்டகைக்குப் போய், வண்டிக்கு அடியில் குனிந்து இரண்டு ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்க்கிறேன். இந்த வருஷமும் பார்த்தாயிற்று, அடைப்பு இல்லை. கையை வெளியே எடுக்கும்போது வளையல் இரும்பில் பட்டுச் சத்தம் கேட்கிறது, மாமா.