கயிற்றின் கடைசி ஆள்

வீட்டிலிருந்து,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்பு மகளுக்கு அப்பா சொல்ல, உன் வீட்டுக்காரர் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் உன்னை நம்பி வந்திருக்கும் ஆறு பேரும் நலமாக இருக்க வேண்டும்.

கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே. மாப்பிள்ளை கட்டுப் போட்ட காலை முக்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு, மடியில் பலகை வைத்து எழுதுகிறார். கோழி கிறுக்கின மாதிரி இருக்கிறது என்று அவரே சொல்கிறார். எனக்கு எல்லா எழுத்தும் கோழிக் கிறுக்கல்தான் என்பதால் குறை சொல்ல வழியில்லை. இருபது வருஷம் பனிமலை ஏறி இறங்கினவர் நம் கடை ஏணியில் மூன்றாம் படியிலிருந்து விழுந்ததை ஊரே பேசிச் சிரிக்கிறது. பூட்ஸ் தைக்கிறவர் தினமும் வந்து, "என்ன கைடு சார், உச்சி தொட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். காலில் வீக்கம் வடிந்துவிட்டது. வாயில் இன்னும் வடியவில்லை.

குழந்தைக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அம்மா வந்த பிறகுதான் புதுப் பல் முளைக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தினமும் கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து பார்க்கிறாள். பின்கட்டுக் கூரையில் தகரம் ஒன்று காற்றுக்குத் தூக்கியது, ஆணி அடித்துவிட்டேன். கடையில் தொங்கும் கயிறுகளையெல்லாம் இறக்கி, ஒவ்வொரு முழமாக விரலில் உருட்டிப் பார்த்தேன். மஞ்சள் கயிற்றில் ஓரிடம் மெத்தென்று இருந்தது. வெட்டி எறிந்தாயிற்று.

இனி எழுத வந்த விஷயம். மாப்பிள்ளை விழாமல் இருந்தால் மேல் விடுதியிலிருந்து சனிக்கிழமை கிளம்பும் இந்த ஐந்து நாள் நடையை அவர்தான் கூட்டிப் போயிருப்பார். நீ கீழ்ப் பனியாற்றில் நூறு தடவை நடந்தவள். மேல் பனியாற்றுக்கு ஆட்களைக் கூட்டிப் போவது இதுதான் முதல். உன் திறமையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆள் எண்ணும் முறையில்தான் எனக்குக் கவலை. அதை உங்கள் இருவருக்கும் கற்றுக்கொடுத்தவன் நான். நின்று மூச்சு வாங்கும் ஒவ்வொரு தடவையும் முன்னால் நிற்கிறவன் "ஒண்ணு" என்று கத்த வேண்டும், அடுத்தவர் "ரெண்டு" என்க வேண்டும், அப்படியே கயிற்றின் கடைசி வரை போக வேண்டும். அந்த முறையை விட்டுவிடு. ஏன் என்று இத்தனை காலம் சொல்லவில்லை. வயர்லெஸ்ஸில் சொன்னால் மலை முழுக்கக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

உன் சித்தப்பாவை உனக்கு ஞாபகம் இருக்காது. அப்போது உனக்கு இரண்டு வயது. பனியில் தவறி விழுந்து இறந்தான் என்று மட்டும் உனக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் ஆகிறது. எழுதத் தெரியாதவனுக்கு மறக்கவும் தெரியாது, மகளே. அன்றைக்கு யார் எந்த நிறத்தில் குல்லாய் போட்டிருந்தார்கள் என்பதுகூட என் கண்ணில் நிற்கிறது.

கயிற்றில் ஏழு பேர். முன்னால் நான். நடுவில் மலை பார்க்க வந்த விருந்தாளிகள் ஐந்து பேர். கடைசியில் உன் சித்தப்பா. அவனுக்குப் பின்னால் டென்ட், ஸ்டவ், சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் கட்டின சறுக்கு வண்டி. அவனுக்கு எண்ணைச் சொல்கிற பழக்கம் கிடையாது. ஆறாவது ஆள் "ஆறு" என்றதும் இவன், "இன்னும் இருக்கேண்ணே!" என்று கத்துவான். விருந்தாளிகள் சிரிப்பார்கள். ஒழுங்கா ஏழுன்னு சொல்லுடா என்று நான் திட்டாத நாள் இல்லை.

மூன்றாம் நாள் மதியம், பனி பிளந்து நீல வெடிப்புகள் இருக்கும் இடத்தைத் தாண்டும்போது மூட்டம் இறங்கியது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. அவனுக்கு முன்னால் ஆறாவதாக நடந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவருடைய கையுறை ஒன்று விழுந்துவிட்டது. "நீங்க நடங்க சார், நான் எடுத்துட்டு வந்து சேர்ந்துக்கறேன்" என்று சொல்லி, இவன் தன் இடுப்பிலிருந்து கொக்கியைக் கழற்றிக் கயிற்றைச் சறுக்கு வண்டியில் மாட்டிவிட்டுப் பின்னால் போயிருக்கிறான். கடைசி ஆட்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. வண்டி கனமாக இழுக்கும். முன்னால் இருப்பவனுக்கு ஆள் இருக்கிற மாதிரியே தெரியும். எனக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்து நின்ற இடத்தில் எண்ணினோம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு என்று வந்தது. அதன் பிறகு, "ஏழு" என்றது.

பையனுக்கு இன்றைக்காவது புத்தி வந்ததே என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மகளே. சந்தோஷமாகக்கூட இருந்தது. அதன் பிறகு கூடாரம் போடும் இடம் வருவதற்குள் ஒன்பது தடவை எண்ணினோம். ஒன்பது தடவையும் "ஏழு" வந்தது. சத்தம் உயரவில்லை, தாழவில்லை, மூச்சு வாங்கவில்லை. அவன் வந்து சேர்ந்துகொண்டான் என்று வாத்தியாரும் நிம்மதியாக நடந்திருக்கிறார். அந்தக் குரல் அவர் பிடரிக்குப் பக்கத்திலேயே கேட்டதாம்.

இடம் வந்து கயிற்றை இழுத்துச் சுருட்டினேன். வாத்தியார் வந்தார். அவருக்குப் பின்னால் வண்டி வந்தது. வண்டியைத் தவிர யாரும் இல்லை.

கயிறு எடுத்துக்கொண்டு தடம் பார்த்துத் திரும்பிப் போனேன். நீல வெடிப்பு வரைக்கும் வண்டித் தடத்துக்குப் பக்கத்தில் அவன் காலடி ஒன்றுகூட இல்லை. வெடிப்புக்குப் பக்கத்தில் இருந்தது, விளிம்பு வரை. கூப்பிட்டேன். பதில் இல்லை.

ஆகவே வாயால் எண்ணாதே. ஒவ்வொரு தடவையும் நீயே கயிற்றோரமாக நடந்து போய், ஒவ்வொருவர் கையையும் தொட்டு எண்ணு. நேரமாகிறது என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். உறையைக் கழற்றச் சொல்லி வெறும் விரலைத் தொடு. சூடாக இருக்க வேண்டும்.

உன் முகத்தைப் பார்க்கக் காத்திருக்கும்,
அப்பா.


வீட்டிலிருந்து,
வெள்ளிக்கிழமை, பொழுது விடிந்ததும்.

அன்பு மகளுக்கு அப்பா எழுதச் சொல்வது. குழந்தையும் நாங்களும் நலம். உன் நலத்தைத்தான் மேல் விடுதிப் பக்கம் பார்த்து ஆயிரம் தடவை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் நேற்று மாலை கிடைத்தது. சுமைக்காரர்களில் ஒருவர் என் கடிதத்தோடு ஏறும்போது இன்னொருவர் உன் கடிதத்தோடு இறங்கியிருக்கிறார். பாதி வழியில் உட்கார்ந்து இருவரும் ஒரே தீப்பெட்டியில் பீடி பற்றவைத்தார்களாம். ஆக, நீ எழுதியபோது என் கடிதத்தைப் படித்திருக்கவில்லை. இதை நான் மூன்று தடவை மாப்பிள்ளையிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அவர்தான் உரக்கப் படித்தார். ஆறு பேருக்கும் பயிற்சி கொடுத்தது, ஒரு அம்மாவுக்குப் பூட்ஸ் கடித்துக் கொப்புளம் வந்தது, கயிற்றின் கடைசியில் கட்டிய தச்சர் விடாமல் கதை அளப்பது எல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். அப்புறம் நீ எழுதியிருந்த அந்த இடம் வந்தது. நான் ஒரு தடவை கேட்டதை மறப்பவன் இல்லை. உன் வார்த்தையிலேயே சொல்கிறேன். "அப்பா, ஒரு தமாஷ். என்னையும் சேர்த்து ஏழு பேர்தான். எண்ணினா எட்டுக் குரல் வருது! தச்சர்தான் குசும்பு பண்றார்னு நெனச்சேன், அவர் பிள்ளைங்க மேல சத்தியம் பண்றார். ஏழு முடிஞ்சதும் பின்னால யாரோ, 'இன்னும் இருக்கேண்ணே'ங்கறான். பொம்பளையைப் போய் அண்ணேங்கறானே, எந்தக் குருட்டு எதிரொலிப்பா இதுன்னு எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

மாப்பிள்ளை அதோடு நிறுத்திவிட்டார். "மாமா, இந்த வார்த்தையை நான் போன கடுதாசியிலதானே முதல் தடவையா எழுதினேன். அவளுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

போன கடிதத்தில் ஒரு பொய் இருக்கிறது, மகளே. மாப்பிள்ளை எழுத மறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

கூப்பிட்டேன், பதில் இல்லை என்று சொன்னேன். பதில் வந்தது. வெடிப்புக்குள்ளிருந்து, அதிக ஆழமில்லை, "இன்னும் இருக்கேண்ணே" என்று வந்தது. மெல்லமாக வந்தது. சிரிப்பு இல்லை.

என் தோளில் நாற்பது முழக் கயிறு இருந்தது. கையில் பனிக்கோடரி இருந்தது. ஆனால் மதியம் முழுக்க ஒரு குரல் என்னை ஏமாற்றியிருந்தது. என் தம்பி வண்டிக்குப் பின்னால் வருகிறான் என்று ஒன்பது தடவை நம்ப வைத்த குரல் அது. இதுவும் அதுதான் என்று நினைத்தேன். ஏழு என்று சொல்லி ஏமாற்றியது போதாமல், இப்போது அவனைப் போலவே பேசக் கற்றுக்கொண்டு என்னையும் உள்ளே இழுக்கப் பார்க்கிறது என்று நினைத்தேன். விளிம்பை விட்டுப் பின்னால் நகர்ந்தேன். மறுபடி கூப்பிட்டது. "அண்ணே, கயிறு" என்றது. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்துவிட்டேன். கூடாரத்தில் வாத்தியார் கேட்டபோது, ஒரு சத்தமும் இல்லை சார் என்றேன்.

மறுநாள் மூட்டம் விலகியதும் வாத்தியாரையும் இன்னொருவரையும் மேலே கயிறு பிடிக்கச் சொல்லிவிட்டு நானே இறங்கினேன். இருபது முழத்தில் ஒரு பனித்திட்டு இருந்தது, ஆள் உட்காரும் அகலத்துக்கு. அதில் ஒருவன் வெகு நேரம் உட்கார்ந்திருந்த பள்ளம். பக்கத்துச் சுவரில் விரலால் பிறாண்டிய கோடுகள். திட்டுக்குக் கீழே அடி தெரியாத நீலம். மேலே ஏறி வந்து, ஒன்றும் காணோம் என்று சொன்னேன். உன் பாட்டியிடமும் அதையே சொன்னேன். உன் அம்மா சாகும் வரை அவளிடமும் அதையே சொன்னேன்.

இதை எழுதும்போது மாப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "எழுதுங்க மாப்ளே" என்றேன். "எழுதறேன் மாமா, கண்ணு மறைக்குது" என்றார். நல்ல மனுஷன். ஏணி விஷயத்தில் இனி நான் கேலி பண்ண மாட்டேன்.

திரும்பி வந்துவிடு என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. சொன்னால் நீ வரமாட்டாய். வந்தாலும் மறு வருஷம் போவாய். அதனால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சுமைக்காரர் வாசலில் நிற்கிறார். நீங்கள் நாளை காலை கிளம்புவதற்குள் இது உன் கைக்கு வந்துவிடும் என்று அடித்துச் சொல்கிறார்.

கையைத் தொட்டு எண்ணு. அதை மறக்காதே. உன் ஆறு பேரை எந்தக் குரலிடமும் விடாதே. வெறும் "ஏழு" என்று மட்டும், யாரும் எண்ணாதபோதே, பின்னாலிருந்து வந்தால், அந்த இடத்திலேயே எல்லோரையும் நிறுத்தி ஓடிப் போய்ப் பார்.

மூன்றாம் நாள் நீல வெடிப்பு வரும். எல்லோரையும் தள்ளி உட்காரவைத்து டீ போட்டுக் கொடு. உன்னை இரண்டு முளை அடித்துக் கட்டிக்கொள். விளிம்பில் படுத்து, நீ வைத்திருக்கும் நீலக் கயிற்றை உள்ளே இறக்கு. இருபது முழம் போதும். நுனியில் கொக்கி மாட்டி இறக்கு. அவன் கை மரத்துப்போயிருக்கும், முடிச்சுப் போட வராது. சத்தம் வந்தாலும் வராவிட்டாலும் இறக்கு. பேசுவது யார் என்று கேட்டுக்கொண்டிருக்காதே. நான் அப்படிக் கேட்டுக்கொண்டு நின்றவன்தான். ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம் பிடித்துக்கொண்டிரு. கனம் ஏறினால் எல்லோரையும் கூப்பிட்டு இழு. ஏறாவிட்டால் கயிற்றை அங்கேயே விட்டுவிட்டு வா. ஒரு கயிறு போனால் போகட்டும்.

இறக்கும்போது, அண்ணன் கொடுத்தனுப்பினான் என்று சொல். தாமதம் ஆகிவிட்டது என்று சொல். வேறொன்றும் சொல்ல வேண்டாம்.

மகளே, ஏழு பேராய்ப் போகிறீர்கள். ஏழில் ஒன்று குறையாமல் இறங்கி வாருங்கள். கூடினால் பரவாயில்லை, மாடி அறையைக் கூட்டிப் படுக்கை போட்டு வைத்திருக்கிறேன்.

அப்பா.