‘ப’வின் கீழ் ஒரு பென்சில் கோடு

இன்று காலை பையில் வைப்பதற்காகப் பாட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அது தானாகவே அந்தப் பக்கத்தில் விரிந்தது. ‘பாட்ட சூபு’ என்று அச்சடித்திருக்கும் வரியில், முதல் எழுத்துக்குக் கீழே நீ போட்ட பென்சில் கோடு. அழுத்திப் போட்டிருக்கிறாய். பின்பக்கத்தில்கூட அதன் தடம் புடைத்திருக்கிறது. விரலால் தடவிப் பார்த்தேன். நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. கோடு கொஞ்சமும் மங்கவில்லை.

அந்தக் கோயில் ஊருக்கு இன்று மறுபடியும் போய் வந்தேன். ஊத்துக்கோட்டையைத் தாண்டி, ஏரிக்கரை மேல் ஆடி ஆடிப் போகும் அதே பஸ். தெலுங்கில் கீர்த்தனை பாடிய பெரியவர் ஒருவர், எப்போதோ ஒரு மழைக்கால அந்தியில் அந்த வயல்களுக்கு நடுவே வழி தவறி நின்றாராம். நீ கோடு போட்ட அந்த வரியில் ‘வழி காட்டு’ என்று பாடினாராம். பாடி முடித்தபோது கோயில் விளக்கு கண்ணில் பட்டதாம். அதனால்தான் கார்த்திகை தோறும் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து அங்கே அதே பாட்டைப் பாட வைத்துப் போட்டி நடத்துகிறார்கள்.

சென்ற வருடம் தனியாகப் பாட டீச்சர் என்னைத் தேர்ந்தெடுத்தார். குழுப் பாட்டுக்கு நீயும் இன்னும் நாலு பேரும். புத்தகத்தைப் பார்த்து ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை. மத்தியானம் புங்க மரத்தடியில் உனக்குப் பாடிக் காட்டினேன். வாயில் சோற்றை வைத்துக்கொண்டே நீ சிரித்தாய்.

“இன்னாடி இது? வழி தெரியாம நிக்கற மனுசன், பாட்ட காட்டுன்னா கேப்பாரு?”

“புக்குல அப்படித்தான் போட்டிருக்கு.”

“புக்குக்கு இன்னா தெரியும்? எங்க ஊட்டாண்ட வந்து கேளு. பல்லுல வர்ற ‘ப’ வெச்சா பாட்டு. பஸ்ஸுல வர்ற ‘ப’ வெச்சாத்தான் வழி. தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்து. நீ இன்னா பண்ணுவ, பாவம்!”

உங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாக எழும்பும் தொழிற்சாலைக்குச் செங்கல் தூக்கப் போகும் உன் நைனா பேசுவதும் கோயிலில் பாடும் கீர்த்தனையும் ஒரே மொழி என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

நீ என் பென்சிலைப் பிடுங்கிக் கோடு போட்டாய். புத்தகத்தில் கிறுக்கினால் எனக்குப் பிடிக்காது. ரப்பரை எடுத்தேன்.

“அத அழிச்சே, உன்னாண்ட பேசவே மாட்டேன்.”

அதன் பிறகு தினமும் பயிற்சிதான். நான் தப்பாகப் பாடும்போதெல்லாம், “பல்லு இல்லடி, பஸ்ஸு!” என்பாய். போட்டியன்று மண்டபத்தில் நீ எனக்கு எதிரே இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். அந்தச் சொல் நெருங்கியதும் உன்னைப் பார்த்தேன். முன் பல்லை விரலால் தட்டிக் காட்டி, ‘இது இல்லை’ என்று தலையை ஆட்டினாய். சரியாகவே பாடினேன்.

நடுவராக இருந்த பிடில் வாசிக்கும் தாத்தா மைக்கை என் பக்கம் திருப்பினார். “வர்ற பிள்ளைங்க எல்லாம் சாமியாண்ட பாட்டத்தான் கேக்கும். நீ ஒருத்திதாம்மா வழியக் கேட்ட. யாரு சொல்லிக் குடுத்தாங்க?”

“நானே புக்கப் பாத்துக் கத்துக்கிட்டேன், தாத்தா.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒரு வருடமாக யோசிக்கிறேன். என்னை எல்லோரும் படிப்பாளி என்பார்கள். அந்தப் பெயரில் ஒரு துளியைக்கூட உனக்குக் கொடுக்க அப்போது மனம் வரவில்லை. அவ்வளவுதான். எல்லோரும் கை தட்டினார்கள். நீயும் தட்டினாய்.

திரும்பும் பஸ்ஸில் நீ சிரிக்காமல் ஒன்று கேட்டாய். “இன்னா புக்குடி அது? வாயத் தொறந்து பேசுமா?”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

அரைப்பரீட்சை வந்தது. நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாய், ஸ்கேல் கேட்டால் கொடுத்தாய், பேசவில்லை. கோடு அழியாமல் இருந்தும் பேச்சு நின்றுவிட்டது. லீவு முடிந்ததும் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். நாலு வாக்கியம் எழுதி மனப்பாடம்கூடச் செய்து வைத்திருந்தேன். பள்ளி திறந்தபோது உன் இடம் காலியாக இருந்தது. காமாலை என்றார்கள். அடுத்த வாரம் வகுப்போடு உன் வீட்டுக்கு வந்தபோது, சொல்வதற்கு நீ இல்லை.

உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “பாட்டுல கெலிச்ச பொண்ணு நீதானே கண்ணு? உன்னப் பத்தியே பெருமையா சொல்லிக்கினு இருந்தாம்மா.”

நான் செய்ததை நீ வீட்டில் சொல்லவே இல்லை. அன்றைக்கு நான் அழுதது உன் சாவுக்காக மட்டும் இல்லை.

இன்று அதே மண்டபம், அதே தாத்தா. இரண்டாம் வரிசையில், நீ இருந்த இடத்தில் ஒரு சின்னப் பெண் ரிப்பனைச் சரிசெய்துகொண்டிருந்தாள். பாட ஆரம்பிக்கும் முன் மைக்கைப் பிடித்தேன். டீச்சர் முறைத்தார்.

“போன வருஷம் நான் பொய் சொல்லிட்டேன், தாத்தா. புக்கு சொல்லித் தரல. என் பக்கத்துல உக்காந்தவதான் சொல்லித் தந்தா.” உன் பெயரைச் சொன்னேன். உன் நைனா பெயரையும் சேர்த்து, முழுதாகச் சொன்னேன். மைக்கில் அது ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

தாத்தா கூட்டத்தைப் பார்த்தார். “அந்தப் பொண்ணு வந்திருக்குதா?”

“இல்ல, தாத்தா.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “சரிம்மா. அவ சொன்ன மாதிரியே பாடு” என்றார்.

பாடினேன். பல்லைத் தட்டிக் காட்ட ஆள் இல்லாமலே சரியாக வந்தது. பரிசு வேறு பள்ளிக்குப் போயிற்று.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ‘பஸ்’ என்று எழுதக் கூடாது, ‘பேருந்து’ என்றுதான் எழுத வேண்டும் என்று தமிழ் டீச்சர் கண்டிப்பாகச் சொல்கிறார். நான் கட்டுரையில் எழுதும் ஒவ்வொரு ‘பஸ்’ஸையும் சிவப்பு மையால் வட்டமிட்டு அரை மதிப்பெண் குறைக்கிறார். ‘நீயா இப்படி?’ என்று ஓரத்தில் எழுதுகிறார். நான் பஸ் என்றேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.